படைவீட்டு மலையும் வேலூர் மலையும்: இடிந்த கோட்டைகளை எப்படிப் பார்ப்பது?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வேலூர்க் கோட்டையைப் பலமுறை சுற்றிப் பார்த்தாயிற்று, நகருக்குக் கிழக்கே மலை முகட்டில் தெரியும் இடிந்த மதில்கள் யாருடையவை, படைவீட்டுக் கோட்டைமலையில் பார்ப்பதற்கு ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா, பொங்கல் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் இருவரையும் முழங்கால் வலியுள்ள தந்தையாரையும் அழைத்துக்கொண்டு எங்கே போகலாம் என்பது உங்கள் கேள்வி. முதலில் படைவீடு, பிறிதொரு நாளில் வேலூர் மலை என்பதே என் பதில். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட நினைக்க வேண்டாம். வரிசையையும் மாற்ற வேண்டாம். படைவீட்டில் மலை என்பது அரசனுக்குப் புகலிடம். வேலூரிலோ அதே போன்ற மலை, கீழே இருக்கும் கோட்டைக்கே ஆபத்தாக முடிந்தது. இந்த மாற்றத்தை உண்டாக்கியது பீரங்கி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஏறினால் இடிந்து கிடக்கும் ஒவ்வொரு சுவரும் எதற்காகக் கட்டப்பட்டது என்பது தானாகவே விளங்கத் தொடங்கும்.

படைவீடு இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் வட்டத்தில் இருக்கிறது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் சாலையில் சந்தவாசலில் திரும்பினால் சவ்வாது மலையின் அடிவாரத்துக்குப் போய்ச் சேரலாம். இப்போது அங்கே நெல்லும் வாழையும் செழித்திருப்பதைப் பார்ப்பவர், இது ஓர் அரசின் தலைநகராக இருந்த இடம் என்று நம்பத் தயங்குவார். சம்புவராயர்கள் முதலில் சோழப் பேரரசுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்கள். செங்கேணிக் குடியினர் என்று கல்வெட்டுகள் அவர்களைக் குறிக்கும். 13-ஆம் நூற்றாண்டில் சோழர் வலிமை குன்றியபோது அவர்கள் தலையெடுத்தார்கள். அடுத்த நூற்றாண்டில், தெற்கே மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், பாலாற்றங்கரையையும் அதற்குத் தெற்கேயுள்ள நாட்டையும் தனியரசாகவே ஆண்டார்கள். சகலலோகச் சக்கரவர்த்தி என்று பட்டம் சூடிக்கொண்ட இராசநாராயணச் சம்புவராயனின் கல்வெட்டுகளைத் தொண்டை மண்டலத்துக் கோயில்கள் பலவற்றில் காணலாம். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரமும் படைவீடும் அவர்களுடைய முக்கியமான ஊர்கள். ஊரார் கோட்டைமலை என்று சொல்லும் மலைக்கு இராசகம்பீரன் மலை என்பது பழம்பெயர். அது சம்புவராயன் ஒருவனின் பெயர். அவன் பெயரால் நாடே இராசகம்பீர இராச்சியம் என்று அழைக்கப்பட்டது.

அந்த மலைக்கோட்டையின் வீழ்ச்சிக்கு ஓர் இலக்கியச் சான்று இருப்பது நமக்குக் கிடைத்த பேறு. விசயநகர மன்னன் முதலாம் புக்கனின் மகன் குமார கம்பணன் 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகத்தின் மீது படையெடுத்து வந்தான். அவன் மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை மதுராவிஜயம் என்ற வடமொழிக் காவியமாகப் பாடினாள். முள்பாகலிலிருந்து புறப்பட்ட படை விரிஞ்சிபுரத்தை அடைந்ததையும், சமவெளிப் போரில் பின்வாங்கிய சம்புவராயன் இராசகம்பீரன் மலைக்குள் புகுந்துகொண்டதையும், கம்பணன் மலையை முற்றுகையிட்டு இறுதியில் தனிப்போரில் அவனை வீழ்த்தியதையும் அவள் சொல்கிறாள். வென்ற கணவனின் புகழைப் பாடும் காவியம் என்பதால் போர் வருணனை முழுவதையும் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஆனால் சமவெளியில் தோற்றவன் மலைக்கு ஓடினான் என்ற ஒரு வரியிலேயே அக்காலத்து மலைக்கோட்டையின் வேலை என்ன என்பது அடங்கியிருக்கிறது. ஆட்சி நடந்ததும் கடைவீதி இருந்ததும் கோயில்கள் எழுந்ததும் கீழே, ஆற்றுநீர் பாயும் நிலத்தில். மலை, இடர் வந்தபோது ஏறிக்கொள்ளும் இடம்.

கம்பணனின் வெற்றிக்குப் பிறகும் ஊர் உடனே அழிந்துவிடவில்லை. விசயநகர ஆட்சியில் படைவீட்டு இராச்சியம் ஒரு மாகாணமாகவே நீடித்தது. 1425-ஆம் ஆண்டைச் சேர்ந்த விரிஞ்சிபுரக் கல்வெட்டு ஒன்றில், படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர் என்ற வேறுபாடின்றி, இனிப் பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பதில்லை, கன்னிகாதானமாகவே திருமணம் செய்வோம் என்று கூடி முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு அது. ஓர் அரசின் பெயர், அந்த அரசர்கள் போன பிறகும் மக்களின் அன்றாட வாழ்க்கையில் எப்படித் தங்கியிருந்தது என்பதைக் காட்டுகிறது. 1989-இல் வடாற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது புதிய மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர் வைத்தது உங்கள் தந்தையாருக்கு நினைவிருக்கும்.

படைவீட்டுக்குப் போனதும் மலையேற அவசரப்பட வேண்டாம். ரேணுகாம்பாள் கோயிலைப் பார்த்துவிட்டு அம்மையப்பேசுவரர் கோயிலுக்கு வாருங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்து மீட்டெடுக்கப்பட்ட கோயில் அது. அம்மையப்பன் என்பது சம்புவராயர்கள் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட பெயரும்கூட. செங்கேணி அம்மையப்பன் என்று கல்வெட்டுகளில் அவர்கள் வருகிறார்கள். ஒரு கோயிலே மண்மூடிப் போகும் அளவுக்கு வெள்ளமும் வண்டலும் இந்தப் பள்ளத்தாக்கில் வேலை செய்திருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நிறுத்திச் சொல்லுங்கள். தலைநகர் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடையில் பெரும்பகுதி அவர்கள் காலடியில் இருக்கிறது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாளை வழிபட வரும் கூட்டத்தில் ஊருக்குள் நுழைவதே கடினம். நீங்கள் தை மாதத்தில் போவதால் அந்தத் தொல்லை இல்லை.

கோட்டைமலையின் மேல் வேணுகோபால சுவாமி கோயில் இருக்கிறது. வண்டியில் மேலே செல்லும் வழி இருப்பதால் உங்கள் தந்தையாரும் வரலாம். நடை திறக்கும் நாளையும் பாதையின் நிலையையும் கீழே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். சுற்றிலும் காடு என்பதால் பாதையை விட்டு விலகிச் செல்வதாக இருந்தால் வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

மேலே போனபின் பெரும்பாலானவர்கள் அரண்மனை எங்கே என்று தேடி ஏமாந்து திரும்புகிறார்கள். அரசர்களின் குடியிருப்புகளில் மரமும் செங்கல்லும் ஓடும் மிகுதி. அவற்றில் எதுவும் அறுநூறு ஆண்டு மழையைத் தாங்காது. எந்த மலைக்கோட்டையானாலும் முதலில் நீரைத் தேடுங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். எத்தனை உயரமான மதில் இருந்தாலும் குடிக்க நீரில்லாத கோட்டை ஒரு மாதம்கூட நிற்காது. ஆகவே கோட்டை கட்டியவர்கள் சுவருக்கு முன் சுனையைத்தான் தேடியிருப்பார்கள். பாறைச் சரிவில் மழைநீர் இயல்பாக எந்தப் பக்கம் ஓடுகிறது, அதைத் திருப்பிவிட எங்கே வாய்க்கால் போல் செதுக்கியிருக்கிறார்கள், பள்ளத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கல் அடுக்கி எப்படிக் குளமாக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவே கொடுக்கலாம். வடாற்காட்டுப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் வெறும் பாறையின் மேல் ஓராண்டில் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தாலும் 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளம் நிறைந்துவிடும். அந்த ஒரு லட்சம் லிட்டர், ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று அளந்து கொடுத்தால், 200 பேருக்கு 100 நாள் வரும். வெயிலில் ஆவியாவது போக மீதியைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதால், பாறை நிழலில் இருக்கும் சிறு சுனை, வெட்டவெளியில் இருக்கும் பெரிய குளத்தைவிட மதிப்புள்ளதாக இருந்திருக்கும். மேலே ஒரு நீர்நிலையைக் கண்டதும் பிள்ளைகளைக் காலால் அளந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டையில் எத்தனை பேர், எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்க முடியும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நீருக்கு அடுத்தது வழி. மலைக்கோட்டையில் சுவர் வட்டமாகச் சுற்றி வராது. செங்குத்துப் பாறை இருக்கும் பக்கத்தில் பாறையே மதில். ஏறக்கூடிய சரிவுகளிலும் இரண்டு பாறைகளுக்கு இடைப்பட்ட சந்துகளிலும் மட்டும் கல் அடுக்கி அடைத்திருப்பார்கள். அதனால் இடிந்த சுவர் திடீரென்று முடிந்துவிட்டால் மீதி அழிந்துவிட்டது என்று முடிவுகட்டாமல், அந்த விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தள்ளி நின்று பாருங்கள். வாசலும் நேராக இருக்காது. உள்ளே நுழைந்தவுடன் ஒரு திருப்பம், அதன்பின் இன்னொன்று என்று வைத்திருப்பார்கள். யானையை ஓடவிட்டுக் கதவை முட்ட வைக்க முடியாது. ஏறி வருபவனின் பக்கவாட்டு எப்போதும் மேலிருப்பவனின் பார்வையில் இருக்கும்.

அடுத்ததாக, குனிந்து பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். மதிலுக்கு அருகிலுள்ள பாறைகளின் மேல், தையல் போட்டதைப் போல வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் விரற்கடை அளவு நீளமும் அதற்குக் குறைந்த அகலமும் இருக்கும். கல் உடைப்பவர்கள் உளியால் அந்தக் குழிகளை வெட்டி, ஆப்பு இறக்கி, வரிசையாக அடித்துக்கொண்டே வந்தால், பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். பிளந்த கல்லின் விளிம்பில் பாதிக் குழிகள் பல்வரிசையாக நிற்கும். மதிலில் உள்ள கல்லிலும் அதே பாதிக் குழிகளைப் பார்த்தீர்களானால், கல்லைக் கீழிருந்து சுமந்து வரவில்லை, மலையிலேயே உடைத்து அடுக்கினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். சில பாறைகளில் குழிகள் வெட்டப்பட்டு, பிளக்கப்படாமலே நிற்கும். வேலை ஏன் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த உளியைப் பிடித்தவன் விட்டுப்போன இடம் அது. மன்னர்களின் பட்டப்பெயர்களைவிட அந்தக் குழிகள்தான் எனக்கு நெருக்கமாகப் படுகின்றன. பிள்ளைகள் விரலை வைத்துப் பார்க்கட்டும்.

இனி வேலூர் மலைக்கு வருவோம். ஆறுண்டு நீரில்லை, கோட்டையுண்டு அரசனில்லை, மலையுண்டு மரமில்லை என்று வேலூரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டல்லவா, அந்த மரமில்லா மலைகள்தாம் இவை. கீழே உள்ள கோட்டை 16-ஆம் நூற்றாண்டில், விசயநகர மன்னர் சதாசிவராயர் காலத்தில், சின்ன பொம்மி நாயக்கரால் எழுப்பப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. படைவீட்டுக்கு நேர்மாறாக இங்கே மலையை விட்டுவிட்டுச் சமவெளியைத் தேர்ந்தெடுத்தார்கள். மலையின் வேலையை அகழி செய்தது. அகழி நிறைய முதலைகள் இருந்ததாக மராட்டிய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அந்த அகழியையும் இரட்டை மதிலையும் நேரடியாகத் தாக்கி உள்ளே போவது அக்காலத்துப் படைகளுக்கு மிகவும் கடினம்.

ஆனால் பீரங்கி பெருகப் பெருக, கிழக்கே நிற்கும் மலைகள் கோட்டையின் பலவீனமாயின. 1677-இல் தெற்கே வந்த சிவாஜியின் படை, பீஜப்பூர் சுல்தானின் தளபதி அப்துல்லா கான் வசம் இருந்த வேலூரை முற்றுகையிட்டது. அருகிலுள்ள இரண்டு மலைகளில் கோட்டை கட்டி, சாஜரா, கோஜரா என்று பெயர் வைத்து, அங்கிருந்து கீழ்க்கோட்டையைச் சுட்டார்கள் என்று சபாசத் எழுதிய மராட்டியக் குறிப்பில் காண்கிறோம். சிவாஜி திரும்பிச் சென்ற பிறகும் முற்றுகை தொடர்ந்தது. ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து, 1678-இல் கோட்டை மராட்டியர் கைக்குப் போனது. நகருக்கு மேலே நீங்கள் பார்க்கும் மதில்களின் கதை பெரும்பாலும் இங்கிருந்து தொடங்குகிறது. மூன்றாவது மலையின் பெயரான முர்துசாகர், 18-ஆம் நூற்றாண்டில் வேலூரை வைத்திருந்த முர்துசா அலியின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அதன்பின் வேலூரை வைத்திருந்த ஒவ்வொருவரும், மலையை விட்டால் கோட்டையும் போய்விடும் என்பதை உணர்ந்து மலைமேல் காவற்படை வைக்க வேண்டியதாயிற்று. இதற்குச் சிறந்த சான்று ஐதர் அலியின் முற்றுகை. 1780-இல், கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட இந்த ஆர்க்காட்டு நாட்டுக்குள் மைசூரிலிருந்து இறங்கிய ஐதரின் படை, ஆங்கிலேயர் வசமிருந்த வேலூரைச் சூழ்ந்தபோது தாக்குதலின் கடுமை மலைக்கோட்டையின் மேல்தான் விழுந்தது. மலையைப் பிடித்தால் கீழே இருப்பதைப் பிடிக்கச் சில நாட்களே போதும் என்பது ஐதருக்குத் தெரிந்திருந்தது. மேலே இருந்த சிறு காவற்படை அதைத் தடுத்து நின்றது, கீழ்க்கோட்டையும் தப்பியது. 1806 ஜூலை 10-ஆம் நாள் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி எல்லோரும் அறிவார்கள், பள்ளிப் பாடத்திலும் இருக்கிறது. அது முழுக்கக் கீழ்க்கோட்டையின் கதை என்பதால் இங்கே விரிக்கவில்லை.

இப்போது மேலே போய்ச் சுவரைப் பாருங்கள். படைவீட்டில் நீங்கள் தேடியது காரை பூசாமல் பெருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவரை. வேலூர் மலையில் கல் மதிலின் தலையில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய கைப்பிடிச் சுவர் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடுங்கள். அதில் துளைகள் இருந்தால், துளை உட்புறம் அகன்றும் வெளிப்புறம் குறுகியும் இருக்கிறதா, வெளியே போகப் போகக் கீழ்நோக்கிச் சரிகிறதா என்று கவனியுங்கள். சரிந்திருந்தால் அது சரிவில் ஏறி வருபவனைச் சுடுவதற்கான துப்பாக்கித் துளை. கொத்தளம் நீட்டிக்கொண்டிருக்கும் திசையையும் பாருங்கள். மலையடிவாரத்தை நோக்கியிருந்தால் அது தற்காப்பு. கீழ்க்கோட்டையை நோக்கியிருந்தால் எதை எண்ணிக் கட்டினார்கள் என்பதை அங்கே நின்றாலே உணரலாம். அந்த இடத்திலிருந்து கோட்டையும் அகழியும் சலகண்டேசுவரர் கோயில் கோபுரமும் முழுமையாக ஒரே பார்வையில் அடங்கும். வரைபடத்தில் பத்து முறை பார்த்தாலும் கிடைக்காத தெளிவு அது.

போகும் காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கார்த்திகை மழை ஓய்ந்தபின் மார்கழியும் தையும் மிக ஏற்ற மாதங்கள். சுனைகளிலும் நீர் இருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் இந்த மலைகளை மறந்துவிடுங்கள். வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டும்போது நிழலில்லாத பாறை அதைவிடக் கொதிக்கும். விடிந்தவுடன் ஏறத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சுனை நீரைக் குடிக்க வேண்டாம். வேலூர் மலைக்குப் பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள், மாலையில் அங்கே தங்காதீர்கள். உண்ணிச்செடியும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிய சுவர்களுக்குள் கைவிடக் கூடாது, விரியன் இருக்கும். பாறை விளிம்புகளிலும் வளைவுகளின் அடியிலும் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் சத்தமின்றித் திரும்பிவிட வேண்டும். கல்லெறிவதும் புகை போடுவதும் உயிருக்கே ஆபத்து. மதிலின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். காரை கரைந்துபோன கற்கள் நூறு ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு ஒருவர் கால் வைத்ததும் உருளும்.

இன்னொன்று எனக்கு மிகுந்த வேதனை தருவது. இடிந்த கோட்டைகளில் புதையல் தேடித் தரையைத் தோண்டுகிறார்கள். சுனைக் கரையையும் சிலையின் பீடத்தையும் பெயர்த்துப் போட்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன். முற்றுகைக் கோட்டையில் சேமித்தது தானியமும் வெடிமருந்தும் நீரும்தான். பொன்னை எண்ணித் தோண்டுபவர் எடுப்பது எதுவுமில்லை, அழிப்பது எல்லாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மண்ணுக்குள் பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். அப்படித் தோண்டுபவர்களைப் பார்த்தால் வாக்குவாதம் செய்யாமல் கீழே வந்து காவல்துறையிடம் சொல்லுங்கள்.

வேலூர் மலையில் ஏறும் நாளில் உங்கள் தந்தையாரைக் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் விட்டுச் செல்லலாம். நிழலும் உட்கார இடமும் உண்டு. வழியில் எழுத்துப் பொறித்த கல் எதையாவது கண்டால் சுண்ணக்கட்டியாலோ மாவாலோ எண்ணெயாலோ தேய்க்க வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தாலே எழுத்து தெளியும். கல்லின் முழு உருவம் ஒரு படம், எழுத்துகள் நெருக்கமாக ஒரு படம், சுற்றுப்புறத்தோடு ஒரு படம் என மூன்று எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அந்த அருங்காட்சியகத்திலேயே காட்டினால் மேற்கொண்டு யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்வார்கள்.